பனிக்குத் தடை இல்லை!

மார்கழித் திங்கள் வந்தால் தஞ்சைத் தரணி வெண்துகில் போர்த்துகிறது. வெண்ணாறு எது, வெட்டாறு எது, குடமுருட்டி எது என்று கரையிலே நின்றாலும் காண இயலாதபடி மூடுபனி மறைத்துவிடுகிறது. முற்றிவரும் சம்பாக் கதிரின் நுனியிலே முத்துப்போல் ஒரு துளி. அத்துளிக்குள்ளே தலைகீழாய் ஒரு தென்னந்தோப்பு! படக்கருவி ஏந்தியோர் கோழி கூவுமுன்னரே வரப்பிலே வந்து நிற்கின்றனர். தை பிறந்ததும் அந்தப் படங்கள் நாள்காட்டியிலே தொங்குகின்றன. வாழ்த்து மடலிலே சிரிக்கின்றன. கைபேசித் திரையிலே கண்சிமிட்டுகின்றன. கண்டவர் களிக்கின்றனர். களிக்கட்டும், அழகைக் கண்டு களிப்பது குற்றமன்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தோழர்களே! பனியைப் படம்பிடித்தான் என்பதற்காக எவனையேனும் நாடு கடத்தினார்களா? பனித்துளியை வருணித்தான் என்பதற்காக எவனுடைய ஏட்டையேனும் பறிமுதல் செய்தார்களா? இல்லை. முடியரசாயினும் குடியரசாயினும், வலச்சாரியாயினும் இடச்சாரியாயினும், பனியைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளரை நாம் கேள்விப்பட்டதில்லை. பனிக்குத் தடை இல்லை. பனியிலே நிற்கும் மனிதனை எழுதினால்தான் தடை! அவன் ஏன் நிற்கிறான், எவர் பொருட்டு நிற்கிறான், எதுவரையில் நிற்பான் என்று எழுதினால்தான் ஆத்திரம்! இந்த வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படக்கருவியைப் பழிக்க நான் வரவில்லை. அது பகுத்தறிவின் பிள்ளை. பழிப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்திலே ஜெரிக்கோ என்றோர் ஊர். அங்கே வில்சன் பென்ட்லி என்றோர் உழவர் வாழ்ந்தார். உருப்பெருக்கியோடு படக்கருவியை இணைத்து, 1885-ஆம் ஆண்டிலே வெண்பனிப் படிகமொன்றைப் படம்பிடித்தார். அன்று தொடங்கியவர் ஓயவில்லை. 1931-இல் அவர் படங்களில் 2,400-க்கு மேற்பட்டவை ஒரே நூலாக வெளிவந்தன. ஆறு கைகொண்ட அப்படிகங்களைக் கண்டு, ஆண்டவன் செதுக்கிய அணிகலன் என்று கைகூப்பினோர் உண்டு. ஜப்பானிய அறிஞர் உக்கிச்சிரோ நக்கயா கைகூப்பவில்லை. ஆய்வுக்கூடத்திலே 1936-இல் பனிப்படிகத்தைத் தாமே உருவாக்கிக் காட்டினார். வெப்பநிலையும் ஈரப்பதமும் எப்படியோ, படிகத்தின் வடிவமும் அப்படியே என்று மெய்ப்பித்தார். ஆண்டவன் கைவேலை என்றது அறியாமை. நீராவியின் கைவேலை என்றது ஆய்வு. அந்த ஆய்வுக்குக் கண்ணாக நின்றது படக்கருவி. அதனை வாழ்த்துவோம்.

ஆயினும் அந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. படக்கலை பயின்றோர் அறிவர். வெண்பனி படர்ந்த வெளியை அதன் போக்கிலே படம்பிடிக்கவிட்டால், வெண்மை சாம்பல் நிறமாகப் பதியும். ஏன்? எதிரே இருப்பது எதுவாயினும் அது நடுத்தர ஒளியுடையது என்று எண்ணும்படி அக்கருவியின் ஒளிமானி அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளையையும் சாம்பலாக்கும், கரியதையும் சாம்பலாக்கும்! கலைஞன் தன் அறிவைச் செலுத்தி ஒளியைக் கூட்டினால்தான் வெண்மை வெண்மையாகும். தணிக்கை அதிகாரியின் கண்ணும் அத்தகையதே. மிகு வெளிச்சமும் அவருக்கு ஆகாது. மிகு இருளும் ஆகாது. எல்லாம் சாம்பலாய் இருந்தால் ஒப்பம் இடுவார்!

பனியைப் பாடலாமா, எப்படிப் பாடுவது என்று உலகம் கேட்குமுன்னரே இலக்கணம் வகுத்தவன் தமிழன். பொழுதும் நிலமும் முதற்பொருள். மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். முன்பனியைக் குறிஞ்சிக்கும் பின்பனியைப் பாலைக்கும் உரிமையாக்கினார் தொல்காப்பியர். வைகறையையும் விடியலையும் நம் மருதத்துக்கு அளித்தார். மூன்றும் கூடினால் இலக்கியம். முதலும் கருவும் இருந்து உரி இல்லையேல்? அது வெறும் காட்சி. கண்ணுக்கு விருந்து, கருத்துக்குப் பட்டினி.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றெண்பத்தெட்டு அடிகளிலே கூதிர்க்குளிரைக் கொட்டி வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் குளிர் வெறும் வெளியிலே வீசவில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிய கோவலர், தீயிலே கைகாய்ச்சியும் நடுக்கம் தீராமல் நிற்கின்றனர். மாளிகையிலே விசிறிகள் வேலையின்றித் தொங்குகின்றன. அரண்மனைக்குள்ளே அரசி துயிலின்றித் துன்புறுகிறாள். பாசறையிலே அரசன் நள்ளிரவிலும் உறங்காமல், புண்பட்ட வீரரைப் பார்த்துவரப் புறப்படுகிறான். கோவலனுக்கும் குளிர், கோமகனுக்கும் குளிர். ஆனால் இருவர் குளிரும் ஒன்றல்ல என்பதைப் படிப்பவர் உணரும்படி வைத்தாரே, அதுதான் உரிப்பொருள்! அந்த அளவுகோலை ஏந்திக்கொண்டு நாம் உலகைச் சுற்றி வருவோம்.

முதலில் வெண்பனிக்கே பெயர்போன உருசிய நாடு. அங்கே போரிஸ் பாஸ்டர்நாக் என்ற கவிஞர் ‘டாக்டர் ஷிவாகோ’ என்ற புதினத்தை எழுதினார். மருத்துவன் ஒருவன், கவிஞனும் அவனே. புரட்சியும் உள்நாட்டுப் போரும் அவன் வாழ்வைப் புரட்டிப் போடுகின்றன. பனியிலே ஊர்ந்து செல்லும் இருப்பூர்தி, பனி மூடிய வீடு, பனி பெய்யும் இரவிலே எரியும் மெழுகுவத்தி ஆகியவை அந்நூலின் முதற்பொருளும் கருப்பொருளும். உரிப்பொருள் யாது? ஊரே அணிவகுத்துச் செல்லும் காலத்திலே, ஒரு தனிமனிதன் தன் மனச்சான்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ள உரிமை உண்டா என்ற கேள்வி!

அந்தக் கேள்விதான் சுட்டது. ‘நோவி மிர்’ இதழ் 1956-இல் நூலை மறுத்தது. புரட்சியை ஏற்காத மனப்பான்மை நூல் முழுவதும் ஊடாடுகிறது என்பது மறுப்பின் சாரம். 1957-இல் இத்தாலியிலே மிலான் நகரத்துப் பதிப்பாளர் பெல்ட்ரினெல்லி அதனை வெளியிட்டார். 1958-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்ததுதான் தாமதம், எழுத்தாளர் சங்கம் அவரை நீக்கியது, ஏடுகள் ஏசின, கூட்டங்கள் கண்டித்தன. பரிசை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார் பாஸ்டர்நாக். 1960-இல் மறைந்தார். கண்டித்தவர்களில் பெரும்பாலோர் நூலைக் கண்ணாலும் கண்டதில்லை. படிக்கவில்லை, ஆனாலும் கண்டிக்கிறேன் என்பது அந்நாட்டிலே பழமொழியாகவே நிலைத்துவிட்டது. அன்று ஆட்சிபுரிந்த குருச்சேவ், பதவி இழந்த பின்னர், அந்நூலை வெளிவரவிடாமற் செய்ததற்குத் தம் நினைவுக் குறிப்புகளிலே வருந்தினார். வருத்தம் வந்தது; ஆனால் காலங்கடந்து வந்தது. சொந்த நாட்டிலே அப்புதினம் அச்சேற 1988 வரை காத்திருக்க நேர்ந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., அந்நூலின் உருசியப் பதிப்பை மறைவாக அச்சிட்டு 1958-இல் பிரசல்ஸ் உலகக் கண்காட்சியிலே கிடைக்கச் செய்தது. இதை மெய்ப்பிக்கும் ஆவணங்கள் 2014-இல் வெளிவந்தன. ஒருவர் நூலைப் பகைவனாகக் கண்டார். மற்றவர் படைக்கலமாகக் கண்டார். நூலை நூலாகக் கண்டவர் யார்? தூற்றியதும் அரசியல்; தூக்கிப் பிடித்ததும் அரசியல். இரண்டுக்கும் நடுவிலே நசுங்கியவன் எழுத்தாளன்.

இனி அந்தக் கதை திரைப்படமான விந்தையைக் கேளுங்கள். 1965-இல் டேவிட் லீன் அதனைப் படமாக்கினார். உருசியாவிலா? அங்கே யார் விடுவார்கள்! பெரும்பகுதி எடுக்கப்பட்டது ஸ்பெயின் நாட்டிலே. அவ்வாண்டு அங்கே வேண்டிய பனி பெய்யவில்லை. சலவைக்கல் தூளைக் கொண்டுவந்து வெளியெங்கும் பரப்பினர். பனி உறைந்த மாளிகையின் உட்புறத்தைத் தேன்மெழுகால் அமைத்தனர். கல்தூள் பனியானது, மெழுகு உறைபனியானது! படம் ஐந்து ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அவற்றிலே ஒன்று ஒளிப்பதிவுக்கு. உலகம் அந்தப் பனியைக் கண்டு உருகியது.

அந்த ஒளிப்பதிவின் திறத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் புதினத்தின் இறுதிப் பகுதி முழுவதும் ஷிவாகோ எழுதியவையாக அமைந்த இருபத்தைந்து கவிதைகள். படத்திலோ, அவன் உறைபனி மாளிகையிலே அமர்ந்து எழுதுவதைக் காண்கிறோம். எழுதியது யாது என்று கேட்கும் பேறு நமக்கு இல்லை. மனச்சான்றின் கேள்வி பின்னுக்குப் போயிற்று. காதலும் பனியும் முன்னுக்கு வந்தன. சொந்த நாட்டு அரசு உரிப்பொருளைத் தடுத்தது. திரையோ முதற்பொருளை வளர்த்து உரிப்பொருளை மெலிவித்தது. முன்னது கொடுமை, பின்னது குறைபாடு. இரண்டையும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டிலும் இழப்பு ஒன்றே என்பதைத் திறனாய்வாளன் சொல்லியே ஆகவேண்டும்.

அயல்நாட்டுக் கதை அளந்தது போதும், நம் நாட்டிலே என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்!

புலவர் குழந்தை யாத்த ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்தது. ஐந்து காண்டம், ஐம்பத்தேழு படலம், மூவாயிரத்து நூறு பாட்டு. அண்ணா அதற்கு ஆராய்ச்சி முன்னுரை எழுதினார். முதற் காண்டமாகிய தமிழகக் காண்டத்திலே ஐந்திணை வளமும் அழகுற விரிகிறது. மருதத்து வயலும் முல்லைக் காடும் நெய்தற் கரையும் கண்முன் எழுகின்றன. அந்த வருணனைகளிலே குற்றம் காண எவரால் இயலும்? அவற்றை மட்டும் தனியே பிரித்து அச்சிட்டிருந்தால், அன்றைய அமைச்சர்களே பள்ளிப் பாடமாக்கி மகிழ்ந்திருப்பர். ஆனால் காவியத்தின் உரிப்பொருள் வேறு. காலங்காலமாக அரக்கன் என்று ஏசப்பட்டவன் இதிலே தலைவன். தெய்வம் என்று தொழப்பட்டவன் இதிலே குற்றக் கூண்டிலே நிற்கிறான். 1948-இல் சென்னை அரசு நூலைத் தடைசெய்தது. மருதத்துக்குத் தடையில்லை; மாற்றுத் தலைவனுக்குத் தடை! 1971-இல் கலைஞர் ஆட்சியிலே தடை நீங்கும்வரை, இருபத்துமூன்று ஆண்டுகள் ஒரு பெருங்காவியம் ஒளிந்து வாழ்ந்தது. புலவர் மறைந்தது 1972-இல். தம் நூல் விடுதலை பெற்றதை ஓராண்டே அவர் கண்டார்.

1950-இல் ‘ஆரிய மாயை’க்காக அண்ணா சிறைசென்றார். அடுத்து வடநாட்டு வழக்கொன்றைக் கேளுங்கள். பெரியாரின் இராமாயண ஆய்வு நூலை ‘சச்சி ராமாயண்’ என்று இந்தியிலே வெளியிட்டார் லலாய் சிங் யாதவ். 1969-இல் உத்தரப் பிரதேச அரசு அதனைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அவர் அஞ்சவில்லை, அலகாபாத் உயர்நீதிமன்றம் சென்றார். ஆணை வீழ்ந்தது. அரசு உச்சநீதிமன்றம் சென்றது. 1976-இல் அங்கும் அரசு தோற்றது. தோற்ற காரணம்தான் நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது. ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் அரசு, எக்காரணத்தால் செய்கிறது என்று ஆணையிலேயே எடுத்துரைக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஆணையிலே காரணம் இல்லை! தடைசெய்யத் தெரிந்தது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. படிக்காமலே கண்டித்தார்கள் மாஸ்கோவிலே; காரணம் கூறாமலே பறித்தார்கள் இலக்னோவிலே. மொழி வேறு, கொடி வேறு, கொள்கை வேறு, பழக்கம் ஒன்றே!

அது அந்தக் காலம் என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. பெருமாள்முருகன் 2010-இல் எழுதிய ‘மாதொருபாக’னுக்கு எதிராக 2014 இறுதியிலே திருச்செங்கோட்டிலே கிளர்ச்சி எழுந்தது. தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 சனவரியிலே அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 சூலையிலே சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, எழுத்தாளன் மீண்டான். பிள்ளையற்ற இணையரின் துயரை எழுதியது அந்தப் புதினம். அந்தத் துயரை விட்டுவிட்டு மலையையும் தேரையும் மட்டும் பாடியிருந்தால் மாலை விழுந்திருக்கும்!

இங்கே ஓர் ஐயம் எழலாம். அப்படியானால் எந்த நூலையும் எவரும் மறுக்கவே கூடாதா? கூடும், தோழர்களே! மறுக்கவேண்டும், மறுப்பே பகுத்தறிவின் மூச்சு. ஆனால் மறுப்பு வேறு, தடை வேறு. மறுப்பவன் படிக்கிறான், தடுப்பவன் பறிக்கிறான். மறுப்பவன் மேடைக்கு அழைக்கிறான். தடுப்பவன் விலங்கோடு வருகிறான். இந்த வேறுபாட்டுக்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் கழனிக்கு நடுவிலேயே இருக்கிறது.

1968 திசம்பர் 25. மார்கழி மாதத்து இரவு. அன்றைய தஞ்சை மாவட்டத்திலே, கீழ்வெண்மணியிலே, கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளரின் குடும்பத்தார் நாற்பத்துநால்வர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே மிகப் பலர். அன்று நாட்டை ஆண்டது நம் அண்ணாவின் அரசு என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் பிறரைக் கேட்கும் தகுதி நமக்கு ஏது? நாகைக் கூடுதல் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

அந்நிகழ்ச்சியை நிலைக்களனாக வைத்து இந்திரா பார்த்தசாரதி ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977-இல் அது சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆனால் இடதுசாரித் திறனாய்வாளர் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தனர். நிலக்கிழாரின் ஆண்மைக்குறையைக் கொடுமைக்கு வேராகக் காட்டுவது, கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். என் கருத்தும் அவ்வாதத்துக்கு அருகிலேயே நிற்கிறது. நெல்லளவிலே நடந்த வழக்கை மனநோயின் கணக்கிலே எழுதினால், நோயில்லாத நிலக்கிழார் நல்லவர் என்றாகிவிடுமே! உரிப்பொருள் இடம் மாறிய நூல் அது. எனினும், எவரும் எழுதத் துணியாததைத் தொட்டது அந்த நூல். ஊரின் மௌனத்தைக் கலைத்தது. ஆகவே என் மாணவன் கேட்டால், படி என்பேன். படித்துவிட்டு என்னோடு வாதாடு என்பேன். நூலும் வாழ்கிறது, மறுப்பும் வாழ்கிறது. இரண்டும் வாழ்வதால் வெண்மணியின் நினைவும் வாழ்கிறது. தடை விதித்திருந்தால் மூன்றும் செத்திருக்கும்!

இப்போது மீண்டும் நம் பனிப்படத்துக்கு வருவோம். மூடுபனி எப்படி உண்டாகிறது? தெளிந்த வானம், காற்றில்லாத இரவு, நிலத்தின் வெப்பம் மேலே போய்விடுகிறது, ஈர வயலின்மேல் நிற்கும் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்துளியாகிறது. மாயமும் இல்லை, மார்கழி நோன்பின் மகிமையும் இல்லை. ஞாயிறு எழுந்தால் விலகும். பனி விலகியதும் தெரிவது என்ன? தாளடியிலே களையெடுக்கக் குனிந்த பெண்டிர். பனி உலர்ந்தால்தான் இறங்கலாம் என்று காத்திருக்கும் அறுவடை இயந்திரம். அது வந்ததால் கைவேலை குறைந்து திருப்பூருக்கு வண்டியேறிய இளைஞனின் பூட்டிய குடிசை. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்றனர் முன்னோர். இன்றைய மருதத்திலும் ஊடல்தான்; நிலத்துக்கும் உழைத்தவனுக்கும் இடையே நடக்கும் ஊடல்! படம் எடுப்பவரே, இன்னும் ஒரு நாழிகை பொறுத்திருந்து அதையும் எடுங்கள். அப்போது உம் கலைக்கு உயிர் வரும். ஒருவேளை எதிர்ப்பும் வரும். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன.

இளைஞர் மன்றத்துத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் சில. தடைசெய்யப்பட்டது என்று கேள்விப்பட்ட நூலைத் தேடிப் பிடித்துப் படிப்பகத்திலே வையுங்கள். நமக்கு உவப்பானதையும் வையுங்கள். நம்மைச் சுடுவதையும் வையுங்கள். திங்களுக்கு ஒரு நூல், அதைப் படித்தவர் மட்டுமே பேசும் கூட்டம் என்று விதி செய்யுங்கள். படிக்காதவர் கேட்கலாம்; கண்டிக்கக் கூடாது! இராவண காவியத்தை நெருப்பிலிருந்து காக்கத் துடித்த நாம், நமக்குப் பிடிக்காத நூலுக்கு நெருப்பு மூட்டினால், நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு தோளில் கிடக்கும் துண்டின் நிறம் மட்டுமே ஆகிவிடும்.

அழகான படத்தைக் காணுந்தோறும் கேளுங்கள்: இதிலே முதற்பொருள் இருக்கிறது, கருப்பொருள் இருக்கிறது, உரிப்பொருள் எங்கே? சினமூட்டும் நூலைக் காணுந்தோறும் கேளுங்கள்: இதிலே எந்த உரிப்பொருள் எவரைச் சுட்டது? இவ்விரு கேள்விகளும் நம்மிடம் இருக்கும்வரை, எந்தப் பனியும் நம் கண்ணை மறைக்காது. எந்தத் தடையும் நம் கருத்தை அடைக்காது.

பனிக்குத் தடை இல்லை, இருக்கவும் வேண்டாம். பனியை விலக்கும் கதிருக்கும் தடை இல்லாத நாட்டைச் சமைப்போம்!